அட்டவணையில் வராத பெயர்

மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டே அட்டவணைக்காரர் ஆலயப் படியேறினார். உள்ளே சவப்பெட்டியில் மனைவி இருந்தாள்.

"வேதபாடம் யார் வாசிக்கிறது?" என்று போதகர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான்தான். அவளுக்கு இதையாவது ஒழுங்கா செய்யணும் ஐயா."

பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் ஓட்டுநர்களுக்கு வேலை அட்டவணை போட்டவர். ஓய்வுபெற்ற கையோடு, ஞாயிறுதோறும் ஆலயத்தில் யார் வாசிப்பது என்ற அட்டவணையும் அவரிடம் வந்து சேர்ந்தது. பெண்களும் வாசிக்கலாம் என்று போதகர் அறிவித்து ஆறு வருடமாகிறது. பள்ளிக்கூட ஆசிரியை வாசித்தாள், தையல்காரி வாசித்தாள். மனைவியின் பெயர் மட்டும் வரவேயில்லை.

"என் பேரையும் ஒரு தடவை போடுங்களேன்" என்று கேட்டிருக்கிறாள்.

"போட்டா, பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுறான்னு நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசுவாங்க. பொறு, பார்க்கலாம்."

"ஆண்டவரோட கல்லறை காலியா இருக்குன்னு முதல்ல ஓடி வந்து சொன்னது பொம்பளைங்க. நம்பாம உட்கார்ந்திருந்தது உங்க ஆம்பளைங்க. அன்னைக்கு நீங்க அட்டவணை போட்டிருந்தா சேதி இன்னும் வெளியவே வந்திருக்காது!"

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததோடு சரி.

உண்மைக் காரணம் வேறு. தான் வாசிக்கும்போது வாயில் நுழையாத பெயர் வந்தால் அவர் தலைநிமிர்ந்து மூன்றாம் வரிசையைப் பார்ப்பார். அங்கே அவள் உதடு அசையும். அதைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். அவள் மேடையேறித் தடுமாறாமல் வாசித்துவிட்டால் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று பயம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான்.

வாசலில் நீலச் சீருடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். மனைவி கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டைக் கூட்டித் துடைப்பவள்.

"ஐயா, நீங்க காலையில வந்துட்டுப் போயிடுவீங்க. சாயங்காலம் அம்மா எங்களுக்கு வாசிப்பாங்க. அந்தப் பொம்பளைங்க விடியக்காலம் கல்லறைக்குப் போற கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்போம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆயிடுச்சு. நடுவுல அம்மாவுக்கு மூச்சு வாங்கும், நிறுத்திடுவாங்க. வார்டே காத்திருக்கும். நீங்க வீட்டுல தினமும் கேட்டிருப்பீங்க. கொடுத்து வச்சவரு!"

"ஆமாம்மா" என்றார். ஒரு நாளும் கேட்டதில்லை. அட்டவணையில் ஒரு பெயரை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே நடந்தார்.

மூன்றாம் வரிசையில் மனைவியின் இடத்தை மரியாதைக்காக எல்லோரும் காலியாக விட்டிருந்தார்கள். விவரம் தெரியாமல் நீலச் சீருடைக்காரி அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள். யாரோ எழுப்பப் போனார். அட்டவணைக்காரர் வேண்டாம் என்று கையசைத்தார்.

போதகர் அழைத்ததும் எழுந்து போய் வேதத்தைப் பிரித்தார். தன் அடக்கத்துக்கு வாசிக்கச் சொல்லி மனைவி கேட்டுவைத்திருந்த பாடமும் அந்தக் கல்லறைக் கதையேதான். இரண்டு வரி நன்றாகவே போயிற்று. அந்தப் பெண்களின் பெயர்கள் வரும் இடத்தில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். பழக்க தோஷம், தலை தானாக நிமிர்ந்து மூன்றாம் வரிசைக்குப் போனது.

அங்கே உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

புத்தகத்தை அவர் அப்புறம் பார்க்கவில்லை. அந்த உதடுகளைப் பார்த்தே பெயர் பெயராக, வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஓரிடத்தில் உதடுகள் நின்றன. வாக்கியம் முடியவில்லை, பாதியில் இருந்தது. அவரும் நிறுத்தினார்.

ஆலயம் காத்திருந்தது.

உதடுகள் மறுபடி அசைந்த பிறகுதான் அவர் அடுத்த வார்த்தையைச் சொன்னார்.