சூடு நுழையாத வீடு

சூட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம், 2005ஆம் வருஷம் மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றே முக்கால் மணிக்கு முடிவுக்கு வந்தது. மணியை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. அப்போது சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டரையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த யார் முகத்தையும் பார்க்கிற தைரியம் எனக்கில்லை.

என் பெயர் தேவநாதன். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் சூளை சூப்பர்வைசர். பியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் சுடுகிறோம். டிப்ளமோ படித்தவன். அந்தப் படிப்பிலிருந்து நான் யாரையும் தப்பவிட்டதில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா மரியாதைக்கு என்ன வேலை என்று கேட்டார். சூடு எந்தெந்த வழியில் பயணம் செய்கிறது என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொருளைத் தொட்டுப் போவது ஒரு வழி, காற்றோடு கிளம்பிப் போவது ஒரு வழி, எதையும் தொடாமல் வெயில் மாதிரிப் பாய்வது இன்னொரு வழி. பஜ்ஜி ஆறிப்போனது. அப்படியும் பூங்கோதையை எனக்குக் கொடுத்தார்கள் என்றால் அது அவர்களுடைய பெருந்தன்மை.

நாங்கள் குடியிருந்தது பேட்டைக்குப் பின்னால், சிமெண்ட் சீட்டு போட்ட ஒற்றை அறை வாடகை வீடு. மூலையில் சமையல் மேடை. வாசலில் ஒரு வேப்பமரம். கார்த்திகையில் திட்டக்குடிப் பக்கம் தாய் வீட்டில் எங்கள் மகள் துர்கா பிறந்தாள். ஐந்தாம் மாதம் அழைத்து வந்தேன். பத்தே நாள். குழந்தையின் கழுத்து, முதுகு, தொடை எல்லாம் வேர்க்குரு. ராத்திரி பகல் இல்லாமல் வீரிட்டு அழுதாள். பூங்கோதை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொதிக்குதுங்க என்பாள். நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், சிமெண்ட் சீட்டு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று விளக்குவேன். பதினோராம் நாள் மாமனார் கலியமூர்த்தி வந்தார். குழந்தையின் முதுகைப் பார்த்தார். இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வெயில் தணிந்தாலும் ஆடி வந்துவிடும், ஆடியில் அனுப்ப மாட்டோம், ஆவணியில் பார்க்கலாம் என்று அங்கிருந்து தகவல் வந்தது. ஆவணிக்கு நாலு மாதம் கிடந்தது. ஞாயிறு தோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் வாரம் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வாரம் உற்றுப் பார்த்தாள். மூன்றாவது வாரம் நான் கையை நீட்டியதும் உதட்டைப் பிதுக்கி, அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆவணியில் அவள் வரும்போது நானும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரும் அவளுக்கு ஒன்றுதான் என்று தோன்றியது. பயந்துபோனேன். பயத்தில்தான் நான் எப்போதும் பெரிதாகப் பேசுவேன். அன்றும் பேசினேன்.

"மாமா, பதினஞ்சு நாள் குடுங்க. வூட்டுக்குள்ள வெயிலே நுழையாம பண்ணிடுறேன். எல்லாரும் வந்து ஒரு நாள் இருந்து பாருங்க. சூடா இருந்தா புள்ளயத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க, ஆவணி வரைக்கும் நான் வாயே தொறக்க மாட்டேன்."

மாமனார் சம்மதித்தார். பூங்கோதை மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அதை நான் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு இருந்த திமிருக்குக் காரணம் எங்கள் சூளை. உள்ளே ஆயிரத்து இருநூறு டிகிரி எரியும்போது வெளிச்சுவரில் கையை வைத்துப் பத்து எண்ணலாம். நடுவில் இருக்கிற இலேசான கல்தான் அதைச் செய்கிறது. பார்வைக்குச் செங்கல், தூக்கினால் ரஸ்க். கல் முழுக்கப் பொடிப் பொடியாகப் பொத்தல், பொத்தலுக்குள் காற்று. அசையாத காற்றைத் தாண்டிப் போகச் சூட்டுக்கு ரொம்ப நேரம் பிடிக்கும். சூட்டை யாராலும் நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். ஆயிரத்து இருநூறையே தாமதப்படுத்துகிறவனுக்கு அக்னி நட்சத்திரத்து நாற்பத்தொன்று எந்த மூலைக்கு?

சூளை கட்டுகிற கொத்தனார் கொளஞ்சிநாதன் எனக்குக் கூட்டாளி. பழைய சூளையைப் பிரித்தபோது மிஞ்சிய இலேசான கற்களை முதலாளியிடம் கேட்டு வாங்கினோம். சீட்டுக்குக் கீழே மூங்கில் சட்டம் கட்டி, சாக்கில் உமியை நிரப்பி, மெத்தை மெத்தையாகத் தைத்து வரிசையாக ஏற்றினோம். உமியும் அதே வேலையைத்தான் செய்யும், காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதுவரைக்கும் நாங்கள் செய்தது சரி. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சூளைக்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. சரக்கு அடுக்கி முடித்ததும் சூளை வாசலைக் கல் வைத்து அடைப்போம். பிறகு மண் குழம்பைக் கையில் எடுத்து இண்டு இடுக்கு விடாமல் பூசுவோம். ஒரு கீறல் இருந்தாலும் சூடு ஓடிவிடும். கீறல் விட்டவனுக்கு அன்றைக்குப் பேட்டை முழுக்கத் திட்டு விழும். அந்தக் கையை வைத்துக்கொண்டு நாங்கள் வீட்டைப் பார்த்தோம். சுவர் உச்சியில் இரண்டு வெண்டிலேட்டர். அடைத்தோம். சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து. அடைத்தோம். மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல், வெயில் நேராக விழுகிற ஜன்னல். அதைக் கல் வைத்தே கட்டிவிட்டோம். மண் பூசி முடித்ததும் கொளஞ்சி பழக்க தோஷத்தில் கற்பூரம் கொளுத்தினான். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு நான் மட்டும் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து சோதித்தேன். வெளியே நாற்பத்தொன்று. உள்ளே முப்பத்துமூன்று. எழுந்து நின்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். அதைப் பார்க்க அப்போது யாரும் இல்லை என்பது ஒன்றுதான் இன்றைக்கு எனக்கு ஆறுதல்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வந்தார்கள். பூங்கோதையும் குழந்தையும், மாமனார், மாமியார் தங்கம்மாள், மூன்று சின்னம்மாக்கள், சித்தப்பா, மச்சினிச்சி, ஒரு அத்தை. எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியாகப் போன பெண்ணைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதென்றால் கும்பலாகத்தான் வருவார்கள். ஏற்கெனவே ஒரு தடவை கொண்டுவந்து விட்டாயிற்றே என்றெல்லாம் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. குழந்தையை விட்டுவிட்டு ஒன்பது பேர். நானும் கொளஞ்சியும் சேர்ந்து பதினொன்று.

உள்ளே நுழைந்ததும் அத்தை, அடேங்கப்பா, ஊட்டிக்கு வந்த மாதிரி இருக்குது என்றார். மாமனார் அண்ணாந்து உமி மெத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குக் கால் தரையில் படவில்லை. தொட்டுப் போகிற சூட்டிலிருந்து ஆரம்பித்தேன். நடுநடுவே, கதவைச் சாத்துங்க, சூடு உள்ள வந்துடும் என்று எல்லோரையும் அதட்டினேன். வெளியே போன சித்தப்பாவைத் திருடனைப் பிடிக்கிற மாதிரி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

மாமியார் அடுப்பைப் பற்றவைத்துப் பாலைப் பொங்கவிட்டார். பிறகு சோறு. பிறகு சாம்பார். இரண்டு அடுப்பும் நிற்காமல் எரிந்தன. விசேஷ நாளில் வடை இல்லாமல் முடியுமா, எண்ணெய்ச் சட்டி ஏறியது. நான் காற்றோடு போகிற சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்குத் தெர்மாமீட்டர் முப்பத்தைந்து. அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு முப்பத்தெட்டு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். முப்பத்தெட்டுதான்.

ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே அவன் உடம்பிலிருந்து நூறு வாட் பல்பு எரிகிற அளவுக்குச் சூடு வந்துகொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த அறையில் பதினோரு பல்பு, இரண்டு அடுப்பு, ஒரு எண்ணெய்ச் சட்டி. சோறு வடித்த ஆவி சுவரில் வியர்த்து வழிந்தது. ஃபேன் அதே காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது. மச்சினிச்சி முந்தானையால் விசிறிக்கொண்டாள். சித்தப்பா சட்டையைக் கழற்றினார். மாப்பிள்ளை வீடு, வாயைத் திறந்து சொல்ல முடியாது. அந்த மரியாதைக்குப் பதிலாக என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

துர்காதான் சொன்னாள். முகம் சிவந்து, மூச்சு இழுத்து இழுத்து அழ ஆரம்பித்தாள். நான் வாங்கப் போனேன், இன்னும் பலமாக அழுதாள். மணி ஒன்றே முக்கால். தெர்மாமீட்டர் நாற்பத்திரண்டு. வெளியே அன்றைக்கு நாற்பதுதான்.

பூங்கோதை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி சுவர் உச்சியைப் பார்த்தாள். மண் பூசிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"வெளிய இருக்கிற சூடு உள்ள வராம அடைச்சிட்டீங்க, சரி. உள்ளயே பொறக்குற சூடு எந்த வழியா வெளிய போவும்?"

டிப்ளமோ முழுவதும் தேடினேன். அதில் பதில் இருந்தது. முதல் வருஷம், முதல் பாடம். தடுப்பு என்பது இரண்டு பக்கமும் தடுக்கும். உள்ளே எது, வெளியே எது என்று கல்லுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் ஆட்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. யாரை வரவழைக்க அந்த வீட்டைத் தயார் செய்தேனோ அவர்களையே மறந்துவிட்டேன். நான் என் குடும்பத்தை நன்றாக அடைத்துச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தேன். எல்லோரும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று மெதுவாகச் சொன்னார். குத்திக்காட்டவில்லை. நான் சொன்ன வார்த்தையைத்தான் எனக்கே திருப்பிச் சொன்னார். மாமியார் குழந்தையின் துணிகளை மறுபடி பையில் மடித்து வைத்தார். ஆவணியும், பஸ்ஸும், தோளில் புதைத்துக்கொள்கிற அந்த முகமும் மாறி மாறி நினைவுக்கு வந்தன.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கொளஞ்சி, மேல பாத்து இடி, உமி கொட்டிடும் என்றான். நான் கேட்கவில்லை. ஸ்டூலில் ஏறி முதல் வெண்டிலேட்டரை இடித்தேன். இலேசான கல், ஒரே குத்தில் பொடியானது. அத்தனையும் என் தலையில், கண்ணில், வாயில். அடுத்ததை இடித்தேன். சந்து அடைப்பை இடித்தேன். ஜன்னலை இடித்தேன். கூடவே ஒரு சாக்கும் கிழிந்து வடைச் சட்டிக்குள் உமி கொட்டியது. இருமிக்கொண்டும் என்னை நானே திட்டிக்கொண்டும் இடித்தேன். உச்சியில் இருந்த சூடு அந்த ஓட்டைகள் வழியாகக் குப்பென்று வெளியேறியது. ஸ்டூலில் நின்ற என் முகத்தில்தான் அது முதலில் அடித்தது.

திரும்பினால் வாசலில் பூங்கோதை. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. என்னைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். பிறகு வெளியே திரும்பிச் சொன்னாள்.

"நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க. இவரத் தனியா வுட்டா அடுத்து கதவையும் கல்லு வச்சுக் கட்டிருவாரு."

மரத்தடியில் முதலில் சிரித்தவர் மாமனார். பந்தயப்படி கூட்டிப் போக வேண்டியதுதானே என்று ஒரு சின்னம்மா கேட்டதற்கு, அந்த வார்த்தையைக் கொடுத்தவர் உங்கள் மாப்பிள்ளை, நான் கொடுக்கலையே என்று பூங்கோதை பதில் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கி, வடைச் சட்டியில் மிதந்த உமியைக் கரண்டியால் அள்ள ஆரம்பித்தேன்.

எல்லோரும் போன பிறகு பூங்கோதை தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல் இருந்த இடத்துக்கு நேராகப் பாயை விரித்துத் துர்காவைப் போட்டாள். உமி மெத்தை மேல் வெயிலைத் தடுத்துக்கொண்டுதான் இருந்தது, பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. தெர்மாமீட்டர் முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது. அதற்குள் கரண்ட் போய் ஃபேன் நின்றது. பூங்கோதை ஒரு அட்டையை என் கையில் கொடுத்து விசிறச் சொன்னாள்.

விசிறுவதால் அறையில் இருக்கிற சூடு குறையாது, தோலின் மேல் நிற்கிற காற்றுதான் நகர்கிறது, என்று ஆரம்பித்தேன்.

"பேசாம விசிறுங்க."

பேசாமல் விசிறினேன். ஒரு கை வலித்ததும் இன்னொரு கையில் மாற்றிக்கொண்டேன். துர்கா என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே பார்த்தாள். அழவில்லை.