கொட்டை இறக்கும் பதம்

ருதைனா குனிந்து வாப்பாவின் காதருகே வாயை வைத்தாள். கட்டிலின் மறுபக்கம் நின்ற நாயிஃப் சாச்சா, "கலிமாவச் சொல்லிக்குடும்மா, மெதுவா" என்றார்.

"வாப்பா, கொட்டைய எப்ப இறக்கணும்? எத வச்சுப் பதம் பாப்பீங்க?" என்று கேட்டாள் அவள்.

சாச்சா நெற்றியில் அடித்துக்கொண்டார். "புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? உசிரு ஊசலாடுது, இப்பப் போய் காப்பியா?"

புத்தி தெளிவாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. இர்பித் நகரில் அவர்களுடைய காப்பி வறுக்கும் ஆலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள். பதம் தெரிந்தது வாப்பா ஒருவருக்குத்தான். இறக்கும் நேரத்தில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று ருதைனா கெஞ்சாத நாளில்லை.

"சொல்லிக்குடுத்தா அடுத்த வாரமே எதிர்க்கடைக்குப் போயிருவான்" என்பார்.

எதிர்க்கடை ஷஃபீக் தன் ஆட்களை மாற்றி மாற்றி எல்லா வேலைக்கும் பழக்கினார். "அது என்ன கம்பெனியா, பள்ளிக்கூடமா?" என்று வாப்பா சிரிப்பார். அங்கே கற்றுக்கொண்ட யாரும் இன்றுவரை விலகிப் போகவில்லை.

வாப்பாவின் உதடு அசைந்தது. ருதைனா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"நான் வந்து... பாத்துக்கறேன்."

சாச்சா அவளை நகர்த்திவிட்டுக் கலிமாவைச் சொன்னார். சொல்லி முடித்தபோது கேட்க ஆளில்லை.

அன்றே அடக்கம். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கசப்புக் காப்பி கொடுத்தாக வேண்டும். ஆலை ஆட்கள் தாங்களே வறுத்தார்கள். முதல் ஈடு கரிந்தது. அடுத்ததில் பச்சை வாடை போகவில்லை. ஆலையில் வேலை பார்க்கும் ஹியாம், கரிந்த கொட்டைகளைக் கையில் அள்ளிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா செய்யிறது? வீடு நெறைய ஆளு."

ருதைனா அதில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

அப்போது எதிர்க்கடை ஆட்கள் இருவர் பெரிய ஃபிளாஸ்க்குகளில் காப்பியோடு வந்தார்கள். "மொதலாளி குடுக்கச் சொன்னாரு."

"அவரே வறுத்தாரா?"

"இல்லம்மா, அவரு அடக்கத்துக்கு மையவாடியில நிக்கிறாரு. நாங்கதான் வறுத்தோம்."

ஹியாம் பெண்களிடையே ஊற்றிக்கொண்டே வந்தாள். துக்க வீட்டில் ஒரு கோப்பைக்கு மேல் யாரும் குடிப்பதில்லை. ஒவ்வொருத்தியும் குடித்துவிட்டு, போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

ருதைனா குடித்தாள். நன்றாக இருந்தது.

கோப்பையை ஆட்டாமல் அப்படியே நீட்டினாள். ஹியாம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஊற்றினாள்.