பெருவிரலில் வெள்ளை மண்

அஸ்வதியின் வலது பெருவிரல் கட்டுத்துணியில் இன்றும் வெள்ளை மண். தீப்புண் வார்டில் பெமிலா சிஸ்டர் குனிந்து பார்த்தாள். கொதித்த எண்ணெயில் இரண்டு கையும் வெந்து வந்தவள் அஸ்வதி. இடது கை இன்னும் பலகை வைத்துக் கட்டிக் கிடக்கிறது. வலது கையில் தொடைத்தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மண் இறங்கிச் சீழ் பிடித்தால் அந்தக் கையும் போய்விடும்.

மாமியார் ஞானம் கட்டிலருகே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் அய்யாவழிப் பதிக் கோவிலில் கொடுக்கும் வெள்ளை மண்ணால் இட்ட நாமம், நேராக.

"பதியிலெ குடுத்த மண்ணைப் புண்ணுலெ போடப்பிடாதுண்ணு சொன்னேனா இல்லியா?" என்றாள் பெமிலா.

"நான் எதுக்குப் போடுகேன் சிஸ்டர்? எனக்கென்ன கிறுக்கா?"

பெமிலா நம்பவில்லை. எண்ணெய் எப்படிக் கொட்டியது என்று யார் கேட்டாலும் இவள்தான் முந்திக்கொண்டு, "கால் வழுக்கிட்டு" என்பாள். ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே குரல். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கிழவியை வெறுப்பது எளிதாக இருந்தது. அந்த எளிமை பெமிலாவை உறுத்தவே இல்லை.

கட்டைப் பிரித்தாள். புண் சுத்தமாக இருந்தது. மண் வெளித்துணியின் நுனியில் மட்டும். நிமிர்ந்து அஸ்வதியின் நெற்றியைப் பார்த்தாள். அங்கேயும் நாமம், கோணலாக, சிறுபிள்ளை இட்டதுபோல.

"ஏட்டி, இதை இந்த விரலாலெ நீயா இட்டே? விரலு அசையல்லேண்ணு பிசியோக்காரிகிட்டெ கிடந்து அழுது கரைஞ்சியே!"

அஸ்வதி விரலை மடக்கிக்கொண்டாள். "கை சரியானா வீட்டுக்கு அனுப்பீருவிய."

ஞானம் எழுந்து திரையை இழுத்துவிட்டாள். "அசையல்லேண்ணே எழுதுங்க சிஸ்டர். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"எண்ணெயை யாரு ஊத்துனது?"

கிழவி கையிலிருந்த சுளையையே பார்த்தாள். "எனக்கு ஒத்த மவன்தான்," என்றாள்.

பெமிலா புதுத் துணியால் விரலைக் கட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அசைக்காமெ ஒளிச்சு வச்சா விரலு மடங்குன மட்டுக்கே நிண்ணு போவும். பொறவு குடிக்க ஒரு தம்ளர் வெள்ளம்கூட எடுக்க முடியாது. விரலு அசையுதுண்ணும் சொல்லுவேன், வீட்டுக்கு அனுப்பப்பிடாதுண்ணும் சொல்லுவேன். ஏன்னு டாக்டர் கேப்பாரு. போலீசும் வரும்."

அஸ்வதி மாமியாரைப் பார்த்தாள்.

"நானே சொல்லுகேன்," என்றாள் ஞானம். "அவளைக் கேக்காண்டாம். வாங்க."

அந்த முகத்தில் பெமிலா எதையோ தேடினாள். மகனைக் காட்டிக்கொடுக்க இவளால் முடியுமா? டாக்டர் அறை வாசலில் அந்தப் பழைய பொய்யே வாயில் வந்து நின்றால்? கிழவியை முன்னால் நடக்கவிட்டு, அவள் பின்னாலேயே போனாள்.