ஏழாவது பங்கு

அந்தத் தங்கச்சி எங்களுக்குத் தர வேண்டியது ஐம்பத்து மூவாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். இது அவள் போட்ட கணக்கு. எங்களைக் கேட்டால் சல்லிக்காசு இல்லை என்போம்.

நாங்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள். ஏழு பேர் ஒரு செட்டு. கூலி ஆளாளுக்கு வராது, மொத்தமாக மேஸ்திரி கைக்கு வரும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அவர் காலிச் சாக்கு ஒன்றை விரித்து, அதன்மேல் பணத்தை ஏழாகப் பிரித்து வைப்பார். அவளுடைய வீட்டுக்காரன்தான் எங்களில் இளையவன். ஒருநாள் லாரிக்கும் மேடைக்கும் நடுவில் நின்று அவன் மூட்டை வாங்கிக்கொண்டிருக்கும்போது, டிரைவர் திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டான். ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. நாங்கள் கத்தி வாய் மூடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமையும் மேஸ்திரி ஏழாகத்தான் பிரித்தார். ஏழாவது பங்கை நான்தான் கொண்டுபோனேன். கைக்குழந்தை மடியில், பெரியவள் முதுகில் சாய்ந்துகொண்டிருக்க, அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அண்ணே இது?"

"அவன் பங்கும்மா."

"வேலைக்கே வராதவருக்கு ஏது பங்கு? கடனா வாங்கிக்கிறேன். லாரிக்காரன் பணம் வந்ததும் திருப்பிக் குடுத்துடுவேன்."

துக்க வீட்டில் வாதாட முடியுமா? தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒவ்வொரு வாரமும் வாங்கும்போது அதையேதான் சொன்னாள்: "கடன்தான் அண்ணே, ஞாபகம் இருக்கட்டும்."

நஷ்டஈட்டு வழக்கு ஒரு வருஷம் தாண்டி இழுத்தது. அப்போதுதான் எங்கள் செட்டில் நாங்கள் மொட்டை என்று கூப்பிடுகிறவன் ஒரு காரியம் செய்தான். அவன் தோள் சோர்ந்தாலும் வாய் சோராது. கசங்காத சட்டை போட்ட ஒருவன் கிடங்கு வாசலில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பாவம், அந்தக் குடும்பம் இப்ப எப்படிப் பொழைக்குது?" என்று கேட்டிருக்கிறான். மொட்டை நெஞ்சை நிமிர்த்தி, "எங்க செட்டுல ஆள் செத்தாலும் பங்கு சாகாது சார். இன்னிக்கு வரைக்கும் அவன் கூலி வீடு தேடிப் போகுது" என்று பெருமை அடித்திருக்கிறான்.

வந்தவன் லாரிக்காரனின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள். அடுத்த வாய்தாவில் அவர்கள் வக்கீல் எழுந்து, "இறந்தவரின் கூலி இன்றும் வீட்டுக்குப் போகிறது. இவர்களுக்கு இழப்பு எங்கே?" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் எங்கள் வக்கீலம்மா தலையில் கை வைத்தார். "இதை ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"மறைக்கலம்மா. இதெல்லாம் ஒரு விஷயம்னு யாருக்குத் தெரியும்?" என்றார் மேஸ்திரி. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கூண்டுல ஏறி, குடுக்கவே இல்லைன்னு சொல்லிடு" என்றார்.

"வேணும்னா நான் ஏறுறேன்," என்றான் மொட்டை.

"நீ பேசினது போதும்டா சாமி. ஊருக்கே கேட்டுடுச்சு," என்றார் மேஸ்திரி.

தூணோரம் நின்றிருந்த தங்கச்சி குறுக்கே வந்தாள். "பொய் சொல்லி வர்ற பணத்துல என் பிள்ளைங்க சாப்பிட வேண்டாம். குடுத்ததக் குடுத்தோம்னு சொல்லுங்க. நான் என்ன சொல்லி வாங்கினேனோ அதையும் சொல்லுங்க. அவரைக் கொன்னவன் குடுத்தே ஆகணும். எத்தனை வருஷமானாலும் நான் விடப்போறதில்ல."

நான் ஏறினேன். வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடியவன் எங்களில் நான் ஒருவன்தான். அதுவும் நாற்பது வயதுக்கு மேல் கற்றது. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வாராவாரம் பணம் கொடுத்தது உண்மையா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

"உண்மைங்க."

"அது அவருடைய கூலிதானே?"

"செத்தவனுக்கு ஏதுங்க கூலி? ஆறு பேர் தூக்குறோம். ஆறு பேர் கூலியை ஏழாப் பிரிக்கிறோம்."

"அப்படியானால் தானமா?"

"நாங்க கணக்குப் பார்த்துக் குடுக்கல. ஆனா அந்தப் பொண்ணு முதல் நாள்ல இருந்து கடன்னு சொல்லித்தான் வாங்குச்சு."

அவர் சிரித்தார். எங்கள் வக்கீலம்மா எழுந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இன்னும் எத்தனை காலம் கொடுக்க முடியும்?"

மேஸ்திரிக்கு அந்த மழைக்காலத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. மொட்டை வீட்டில் இரண்டு மாத வாடகை பாக்கி. இதையெல்லாம் நாங்கள் எங்களுக்குள்ளேகூடப் பேசிக்கொண்டது கிடையாது. தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியம் செய்துவிட்டு நிற்கிறேனே.

"இப்பவே முடியலீங்க," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தீர்ப்பை நீதிபதி சுருக்கமாகச் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் வயிற்றைக் கட்டி உதவினார்கள் என்பதற்காக, விபத்துக்குப் பொறுப்பானவர்கள் தர வேண்டியது குறையாது. அவன் உயிரோடு இருந்தால் உழைத்துக் கொண்டுவந்திருக்கக்கூடிய காலம் முழுவதற்கும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்றார்.

பணம் கைக்கு வந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம், அவள் கிடங்குக்கே வந்துவிட்டாள். சாக்கின் மேல் ஒரு துணிப்பொட்டலத்தை வைத்தாள்.

"இத எடுத்துட்டுப் போம்மா. பிள்ளைங்க படிப்புக்கு வச்சுக்க," என்றார் மேஸ்திரி.

"அதுக்குத் தனியா வச்சிருக்கேன். இது உங்களுது."

மொட்டை சும்மா இருப்பானா? "வட்டி எங்க தங்கச்சி?"

"உங்க வாயால எனக்கு வந்த வினைக்கு நான்தான் அண்ணே வட்டி கேக்கணும்."

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதோடு பொட்டலத்தைத் தள்ளிவிடும் பிடிவாதமும் போய்விட்டது. ஆனால் அவள் கிளம்பவில்லை.

"இந்த வாரக் கூலியோட சேர்த்துப் பிரிங்க. நான் பார்க்கணும்."

அவர் பிரிக்க ஆரம்பித்தார். ஆறு குவியல் வைத்தார். கை ஏழாவது இடத்துக்குப் போனது.

"அங்க வேண்டாம் அண்ணே," என்றாள்.

கை அப்படியே நின்றது. பிறகு கையிலிருந்ததை அவர் ஆறிலும் பகிர்ந்து வைத்தார். ஆளுக்கொன்றாக நாங்கள் எடுத்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, "தீர்ந்துச்சு," என்றாள். பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள்.

மேஸ்திரி சாக்கை எடுத்து உதறினார்.