ஆராயி வீட்டு எலி

படார் படாரென்று கதவு இடிபட்டது. அப்போதுதான் விடிந்திருந்தது. அருணகிரி தாழ்ப்பாளை நீக்கினான். பக்கத்து வீட்டு ஆராயி மூச்சிரைக்க நின்றிருந்தாள்.

"வாத்தியாரய்யா, எங்க ஊட்டுல எலி உழுந்துபோச்சுங்க. தறிக்குழிக்குள்ள செத்துக் கெடந்துதுங்க."

அந்த வருஷம் சேலத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான், பிளேக். எலி விழுந்தால் சுகாதார இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும். ஆட்கள் வந்து கூரை ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விடுவார்கள். குடும்பம் ஒரு மாதம் ஊருக்கு வெளியே கொட்டகையில் கிடக்க வேண்டும்.

"மாதையன் என்ன சொல்றான்?" என்று அவள் புருஷனைப் பற்றிக் கேட்டான்.

"தறியில பாவு நூலு ஏத்தியிருக்குது, குழித்தறியத் தலையில தூக்கிட்டா போறதுங்கறாரு. எலியப் பொதச்சுப்போட்டாருங்க. இன்ஸ்பெக்டருகிட்ட சொல்லமாட்டேன்னு எங்க புள்ள சின்னாயி தலைமேல என்னையச் சத்தியம் பண்ண வெச்சுட்டாரு." முந்தானையைத் திருகினாள். "நீங்களும் ஆருகிட்டயும் சொல்லீராதீங்க."

"உயிரே போனாலும் வாய் திறக்கமாட்டேன்."

அவள் உடனே போகவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். இன்னும் உறுதி வேண்டுகிறாள் போலும் என்று நினைத்து, "வாக்குன்னா வாக்குதான்" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அருணகிரி கல்லூரியில் தத்துவம் நடத்துபவன். அந்த வாரப் பாடமும் கடமையைப் பற்றியதாகவே அமைந்தது. வசதிப்படாதபோதெல்லாம் மீறலாம் என்றால் உலகத்தில் வாக்கு என்று ஒன்றே இருக்காது. ஆகவே பலன் பாராமல் காப்பாற்றுவதே அறிவுக்குப் பொருந்தியது என்று விளக்கினான்.

கடைசி பெஞ்சிலிருந்து வேலுசாமி எழுந்தான். "சார், வாக்கைக் காப்பாத்துனா ஒரு உசுரு போகும்னா?"

"லாப நஷ்டம் பார்த்தால் அது கடமையில்லை, உங்கப்பாவின் கடலை மண்டி."

வகுப்பு சிரித்தது. அருணகிரியும் சிரித்தான். வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டுத் தறி சடக் சடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. சின்னாயி வாசலில் புளியங்கொட்டைகளைப் பரப்பி விளையாடினாள். எட்டு வயது. அருணகிரிக்குக் கல்லூரியில் தடுப்பூசி போட்டிருந்தார்கள், அவளுக்கு இல்லை. சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் நம்பி வந்தவளைக் காட்டிக் கொடுப்பதா? பயத்தில் எடுக்கும் முடிவு அறிவின் முடிவாகாது என்று தனக்கே எடுத்துச் சொன்னான். மனம் தெளிந்தது. அந்தத் தெளிவு அவனுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டரே தெருவுக்கு வந்தார். நேராக அருணகிரியிடம் வந்து நின்றார்.

"இவங்கெல்லாம் எலியையும் மறைப்பாங்க, பொணத்தையும் மறைப்பாங்க. நீங்க படிச்சவரு, பொய் சொல்லமாட்டீங்க. எங்கயாச்சும் எலி விழுந்துதா?"

இடுப்பில் குடத்தோடு தன் வாசலில் நின்ற ஆராயி, இமைக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டில் எதுவும் விழவில்லை" என்றான் அருணகிரி.

பொய்யுமில்லை, வாக்கும் பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். ஆராயிக்குத் தைரியம் சொல்வதுபோல் லேசாகத் தலையசைக்கத் திரும்பினான். அவளைக் காணோம். வாசல் முழுக்கத் தண்ணீர் கொட்டிக் கிடந்தது.

ஐந்து நாள் கழித்துச் சின்னாயிக்குக் காய்ச்சல் கண்டது. அக்குளில் நெறி கட்டியது. மாதையன் தானே இன்ஸ்பெக்டரைத் தேடி ஓடினான். குழந்தை இரண்டு நாள்தான் தாங்கியது.

மறுநாள் மத்தியானம் ஆட்கள் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். தறிக்குழிக்குள்ளும், பாதியில் நின்ற சிவப்புக் கரை வேட்டியின் மேலும் வெயில் நேராக விழுந்தது. சுவரோரம் பாத்திர மூட்டையோடு ஆராயி உட்கார்ந்திருந்தாள். அருணகிரி அவளருகே போனான். தன்னிடம் மிஞ்சியிருந்த ஒன்றைச் சொன்னான்.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை, ஆராயி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாந்தான் சத்தியத்துல மாட்டிக்கிட்டேன். நீங்களாச்சும் சொல்லிப்போடுவீங்கன்னுதானுங்க அன்னிக்கு ஓடியாந்தேன்."