ஆறாத டப்பா

"உங்க டப்பா இன்னும் ஆறலைங்க."

"இப்பத்தானே மேடம் குடுத்தேன்?"

"இது போன வருஷம் குடுத்தது."

பரிசோதனைக்கூடத்தில் சிறுநீர் டப்பா வாங்கும் ஜன்னலில் ஒரு தையல்காரரோடு நடந்த இந்தப் பேச்சை, கவுண்டரில் இருக்கும் அக்கா ஆறு வருஷமாகியும் மறக்கவில்லை. தையல்காரரின் சாம்பிள் சூடு ஆறுவதில்லை. ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த ஐஸ்தான் உருகியது. சர்க்கரை இல்லை, கிருமி இல்லை, உப்பு சரியான அளவு. வருஷத்துக்கு ஒரு தடவை போதும் என்றார் டாக்டர். தையல்காரரோ மூன்று மாதத்துக்கொரு முறை, இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் மறந்துபோன டேப்புமாக வந்து நின்றார். கொட்ட யாருக்கும் மனம் வராமல் டப்பாக்கள் இருபத்தெட்டாகி அலமாரியின் மேல்தட்டை நிரப்பின. மழைக்காலத்தில் ஊழியர்கள் அங்கே கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தார்கள். "உங்க டெய்லர் இருக்கறப்ப நமக்கு ஸ்வெட்டர் எதுக்குக்கா?" என்பாள் மைக்ராஸ்கோப் பார்க்கிற பெண். "வேலையப் பாருடி" என்பாள் அக்கா, காது சிவக்க.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாடம்தான் சொல்வாள்: "மொதல்ல வர்றத விட்டுடுங்க, நடுவுல வர்றதப் பிடிங்க, கடைசியையும் விட்டுடுங்க." தையல்காரர் பேச்சும் அப்படியே. "அதனாலதான் மேடம், தனியா உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது..." என்பார். எதனால் என்பது வராது. அதற்கு என்ன செய்யலாம் என்பதும் வராது. மூடியை இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவராகக் கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

பிறகு அவளை ஆற்றுக்கு அக்கரையிலிருந்த கிளைக்கு மாற்றினார்கள். புதிதாக வருபவளுக்கு நோட்டில் எழுதி வைத்தாள்: 'மேல்தட்டில் இருப்பவை சூடாகத்தான் இருக்கும். கொட்ட வேண்டாம்.' கடைசி நாளன்று இருபத்தொன்பதாவது டப்பா ஜன்னலுக்குள் வந்தது.

"நாளைலேர்ந்து இங்க வேற ஆளுங்க."

அவர் கை டப்பாவை விடவில்லை. அவளும் விடவில்லை. உள்ளங்கை சுட்டது.

"அதனாலதான் மேடம்..."

"எதனால? இன்னிக்கும் நடுவுல ஆரம்பிச்சா நான் வாங்க மாட்டேன். மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சொல்லுங்க."

வரிசையில் எட்டுப் பேர் டப்பாவும் கையுமாக நின்றார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லைங்க," என்றார் தையல்காரர். "உங்களப் பாக்கத்தான் வந்தேன். ஏழு வருஷமா. என்னக் கட்டிக்கிறீங்களா?"