பாய்ந்தாளா, தாவினாளா?

பல் டாக்டர் வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாயை மூடச் சொல்வாள். அன்று அவள் கழுத்தில் விசில் தொங்கும். பெண்கள் ரக்பி ஆட்டங்களுக்கு அவள்தான் நடுவர். "இந்தம்மாவோட விசிலுக்குப் பயப்படறதா, ஊசிக்குப் பயப்படறதா?" என்று ஆட்டக்காரிகள் கேலி பேசினாலும், அவள் கையைத் தூக்கிவிட்டால் மறுபேச்சு கிடையாது. தப்பே செய்யாதவள் என்று பெயர் எடுத்திருந்தாள். அவளும் அதை மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்திருந்தாள்.

அன்றைக்கு லீக்கின் இறுதி ஆட்டம். முன்னிலையில் இருந்த அணியின் தூண், பிரேக்கு. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எவ்வளவு வேகமாக ஓடிவந்தாலும் ஆளைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிடுவாள் என்பதால் வேலையும் ஆட்டமும் சேர்ந்து வைத்த பெயர் அது. அவளுடைய சொந்த அண்ணன்தான் அணிக்குக் கோச். எதிரணியில் பன்னு. பேக்கரியில் மாவு பிசைகிறவள். குள்ளம், உருண்டை, ஆனால் பந்து கையில் கிடைத்தால் பிடிக்க முடியாது. கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து விழுவாள்.

எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை, புள்ளிகள் வந்து சேரும். அதற்காக முன்பக்கமாகப் பாய்ந்து விழலாம், தப்பில்லை. ஆனால் தடுக்க வருகிறவளின் தலைக்கு மேலே எகிறித் தாவக் கூடாது. அந்தரத்தில் இருப்பவளைத் தடுக்கவும் வழியில்லை, மீறித் தடுத்தால் யாராவது ஒருத்தி கழுத்து போய்விடும். ஆகவே பாய்ந்தால் டிரை, தாவினால் எதிரணிக்குப் பெனால்டி. வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமாகத் தெரியும். மைதானத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பன்னுவுக்குப் பந்து கிடைத்தது. ஒருத்தியை ஏமாற்றி, இன்னொருத்தியைத் தோளால் தள்ளிக்கொண்டு அவள் கோட்டை நோக்கி ஓட, டாக்டர் பின்னாலேயே ஓடினாள். கோட்டருகே பிரேக்கு மட்டும்தான் நின்றாள். பன்னுவின் முதுகு சட்டென்று உயர்ந்தது. அதன் மறைவில் பிரேக்கு டாக்டரின் கண்ணில் படவில்லை. அடுத்த கணம் பன்னு கோட்டுக்கு அந்தப் பக்கம் குப்புறக் கிடந்தாள், பந்து அவள் மார்புக்கடியில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டர் விசிலை ஊதிக் கையைத் தூக்கினாள். டிரை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. அழுகை இல்லை, கத்தல் இல்லை. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டு கொப்பளிப்பது போல ஒரு சத்தம்.

பிரேக்கு கோட்டின் மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள், கை நிறைய ரத்தம். டாக்டர் அவள் முகவாயைத் தூக்கிப் பார்த்தாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இருந்த இடத்தில் குழி. பக்கத்துப் பல் உள்ளே மடங்கிக் கிடந்தது. எத்தனையோ வாய்களைப் பார்த்தவள்தான். ஆனால் வெள்ளை விளக்கின் கீழே, சாய்ந்த நாற்காலியில், தயாராக நின்று பார்ப்பது வேறு. புல்தரையில் இப்படிப் பார்ப்பது வேறு.

"மவுத் கார்டு எங்கம்மா? போட்டுட்டுத்தான வந்த?"

பிரேக்கு தன் காலுறைக்குள் விரலை விட்டு அந்த ரப்பர் கவசத்தை எடுத்துக் காட்டினாள். துளி ரத்தம்கூட அதில் படவில்லை.

கோச் பக்கக் கோட்டிலிருந்து ஓடிவந்தான். "தாவிட்டா டாக்டர்! ஆள் மேல தாவிட்டா! இதுக்குப் போய் டிரை குடுக்கறீங்களே, கண்ணு எங்க இருந்துச்சு?"

"கோட்டுக்கு வெளிய போங்க," என்றாள் டாக்டர். முடிவை மாற்றவில்லை. ஆட்டம் அந்த டிரையோடு கைமாறியது, கோப்பையும் கைமாறியது. பரிசளிப்புக்கு அவள் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு எந்தப் பல் மருத்துவரைத் தேடுவது? மைதானத்து முதலுதவிக்காரி பிரேக்குவின் கண்ணில் வெளிச்சம் அடித்து, பேர் ஊர் கேட்டு, தலையில் அடியில்லை என்று சொன்னதும், டாக்டர் தன் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு கிளினிக்கைத் திறந்தாள். கோச் தன் வண்டியில் பின்தொடர்ந்தான்.

உதவியாளருக்கு விடுமுறை. டாக்டர் நடுவர் சட்டையின் மேலேயே வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு, கையுறை போட்டு, பிரேக்குவை நாற்காலியில் சாய்த்தாள். மரத்துப்போக ஊசி போட்டாள். வாயைக் கழுவி, மண்ணையும் புல்லையும் எடுத்துவிட்டு, கழுத்துக்கடியில் துணி வைக்கத் தலையை லேசாகத் தூக்கினாள். அங்கேதான் கண்ணில் பட்டது.

பிடரியில், முடி முடிகிற இடத்திலிருந்து சட்டைக் காலர் வரைக்கும், இரண்டு நீளச் சிராய்ப்பு. பூட்ஸ் ஆணி இழுத்துக்கொண்டு போன தடம். முழங்கால் வாயில் இடித்திருக்கிறது, அதே காலின் பூட்ஸ் பிடரியைத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது. முன்னால் பாய்ந்து விழுகிறவளின் கால் இந்த வழியில் போகாது. ஆளுக்கு மேலே ஏறிக் கடந்தால் மட்டும்தான் போகும்.

டாக்டரின் கை அப்படியே நின்றுவிட்டது. தாவல். சந்தேகமே இல்லாத தாவல். தன் கண் முன்னால் நடந்திருக்கிறது, தான் கையைத் தூக்கி டிரை என்றிருக்கிறாள்.

வெளியே கோச்சின் குரல் வெடித்தது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்த நீ? மிச்சப் பல்லையும் பேத்துட்டுப் போலாம்னா?"

டாக்டர் கதவைத் திறந்தாள். வரவேற்பறையில் பன்னு நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் தங்கப் பதக்கம், முழங்கால் வரைக்கும் சேறு, கையில் மூடி திறந்த பால் பாக்கெட்.

"மேடம், பல்லு," என்றாள். "புல்லுல கைய வச்சுத் தடவித் தடவித் தேடினேன். பால்ல போட்டு எடுத்துட்டு வந்துருக்கேன். எங்க பேக்கரில ஒரு தடவை ஒருத்தருக்கு இப்படித்தான் விழுந்துச்சு."

"வேரைத் தொட்டியா?"

"இல்ல மேடம். மேல் பக்கத்தைத்தான் புடிச்சேன்."

டாக்டர் பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். "உள்ள வா. கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவு. எச்சில் இழுக்கிற குழாயைப் புடிக்க எனக்கு ஆள் வேணும்."

"இவளா?" என்றான் கோச். டாக்டர் கதவைச் சாத்திவிட்டாள்.

பன்னு குழாயைப் பிடித்தாள். அடுப்பையும் மாவையும் ஆண்ட கை, நடுங்கவில்லை. ஆனால் கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்து மூக்கு நுனியில் சேர்ந்தது. டாக்டர் பல்லைக் கழுவிக் குழிக்குள் வைத்து மெதுவாக அழுத்தினாள். மடங்கிய பல்லையும் நிமிர்த்தினாள். மெல்லிய கம்பி ஒன்றைக் குறுக்கே வைத்து, பக்கத்துப் பற்களோடு ஒட்டினாள். வேலை முடிந்து நாற்காலியை நிமிர்த்தியதும் பன்னுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, நான் வேணும்னு பண்ணல. கோட்டைத்தான் பார்த்தேன். எப்பவும் போலப் பாயலாம்னு குனிஞ்சேன், நீங்க காலுக்கடியில இருந்தீங்க. பாஞ்சா உங்க தலைல மோதிடுவேன்னு பயந்து எகிறிட்டேன்."

டாக்டர் கையுறையைக் கழற்றினாள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பிரேக்கு, உங்க அண்ணன் சொன்னது சரிதான். இது தாவல். உன் பிடரியே சொல்லுது. நான் தப்பாக் குடுத்துட்டேன். இப்பவே போய் அவர்கிட்டச் சொல்றேன், லீக் கமிட்டிக்கும் எழுதிடறேன். கோப்பை திரும்ப வராது, ஆனா தப்பு என்னோடதுன்னு எல்லாருக்கும் தெரியணும்."

பிரேக்கு தலையை ஆட்டினாள். வேண்டாம் என்ற ஆட்டல். மரத்துப்போன உதட்டால் வார்த்தை வார்த்தையாகப் பேசினாள். "டாக்டர்... நான் வேணும்னேதான் கீழ போனேன்."

"என்னம்மா சொல்ற?"

"பன்னு எப்பவும் கடைசில பாய்வா. நெஞ்சுக்குப் போகாத, காலடிக்குப் போயிடுன்னு அண்ணன் சொன்னார். பாய எடமில்லாமப் பண்ணிட்டா, எகிறித்தான் ஆகணும். எகிறினா பெனால்டி நமக்குன்னார். மொட்டைமாடில மெத்தையப் போட்டு ஒரு வாரமாப் பழகினோம். அண்ணனே ஓடிவந்து என்னைத் தாண்டுவார்."

டாக்டருக்கு முதலில் அது விளங்கவேயில்லை. கேட்டது காதில் விழுந்தது, மனத்துக்குள் இறங்கவில்லை.

"அப்ப மவுத் கார்டு?"

"எகிறினதும் 'தாவிட்டா'ன்னு சத்தமாக் கத்தச் சொன்னார். நடுவர் பின்னாடி இருந்தா தெரியாம போயிடும், நீதான் கத்தணும்னார். அதைப் போட்டுக்கிட்டுக் கத்தினா கொழகொழன்னு கேக்கும்ல? அதான் கழட்டிச் சொருகிட்டேன். கத்தறதுக்கு வாயத் தொறந்தேன்... முழங்கால் வந்துடுச்சு."

பன்னுவின் கையிலிருந்த குழாய் தரையில் விழுந்து, காற்றை உறிஞ்சிக்கொண்டு சீறியது. அதை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சொந்தத் தங்கையின் முகத்தை ஓடிவருகிற ஒரு காலுக்கு முன்னால் வைக்க ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருக்கிறான் ஒருவன். மெத்தை போட்டு. வீட்டு மாடியில்.

நாற்காலியில் படுத்தவள் சொன்னதை வெளியே சொல்ல டாக்டருக்கு உரிமையில்லை. அது வைத்தியத்தின் முதல் பாடம். நடுவராக அதை மறைக்கவும் மனம் ஒப்பவில்லை. வாயைத் திறப்பதா மூடுவதா என்று அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே, பிரேக்கு நாற்காலியிலிருந்து இறங்கி, மார்பில் கட்டிய துணியோடு நடந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

கோச் எழுந்தான். "வலிக்குதாம்மா? கவலப்படாத, அவளுக்கு ஒரு வருஷம் தடை வாங்கித் தராம விடமாட்டேன்."

"அண்ணா, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எதை?"

"மெத்தைய."

அவன் முகம் கறுக்கும், திட்டுவான், இல்லை என்பான் என்று டாக்டர் எதிர்பார்த்தாள். அவனோ தோளைக் குலுக்கினான். "சரி, சொன்னா என்ன? தாழப் போய்த் தடுக்கிறது தப்பா? நீங்களே சொல்லுங்க டாக்டர். நீங்கதான சட்டம் படிச்சவங்க. எந்த விதில தப்புன்னு இருக்கு?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தாள். சட்டத்தை ஒவ்வொன்றாக மனத்தில் புரட்டினாள். தாழப் போய்த் தடுக்கலாம். அதுதான் பாதுகாப்பு என்று அவளே பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறாள். எதிரியைத் தப்புச் செய்யத் தூண்டக் கூடாது என்று ஒரு வரிகூட எங்கேயும் இல்லை. பயந்துபோய் எகிறிய பன்னு சட்டப்படி குற்றவாளி. திட்டம் போட்டவன் சட்டப்படி சுத்தம். இந்த நியாயம் அவளைச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

"விதில இல்ல," என்றாள் கடைசியில்.

"அவ்வளவுதான். பெனால்டி எங்களுது, நீங்க குடுக்கல. அத எழுதுங்க."

"எழுதறேன். நான் தப்பாக் குடுத்தேன்னு கண்டிப்பா எழுதறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சா இல்ல, அண்ணனாப் பதில் சொல்லுங்க. அந்த முழங்கால் கொஞ்சம் மேல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தங்கையைப் பார்த்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சரியாகப் பார்த்தான் என்று டாக்டருக்குத் தோன்றியது. வீங்கிய உதடு, கம்பி, சட்டையில் காய்ந்த ரத்தம். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்தான். "வா, வீட்டுக்குப் போலாம்," என்றான். குரல் இறங்கியிருந்தது.

"நீ போ," என்றாள் பிரேக்கு. "நான் இவகூட வரேன்."

பன்னு திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்கூடவா? பேக்கரி வண்டி அக்கா அது. பின்னாடி பூரா டிரே அடுக்கியிருக்கும்."

"முன்னாடி ஒரு சீட்டு இருக்குல்ல?"

இருவரும் இறங்கிப் போனார்கள். கோச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவனைப் போகச் சொல்லவில்லை. தரையைத் துடைத்தாள், கருவிகளைக் கிருமி நீக்கும் கொதிகலனில் போட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது அவன் இல்லை.

கமிட்டிக்கு அவள் தன் தவறை மட்டும் எழுதினாள். பிரேக்கு தன் பங்கைத் தானே நேரில் போய்ச் சொன்னாள். கமிட்டி இரண்டையும் கேட்டது. ஆட்ட முடிவு மாறாது என்றது, பன்னுவை எச்சரித்தது, கோச்சின் மேல் நடவடிக்கை எடுக்க விதியில் இடமில்லை என்று கைவிரித்தது. ஆனால் அடுத்த பயிற்சிக்கு அவன் விசில் ஊதியபோது மைதானத்துக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிரேக்குவின் பல் வேர் பிடித்துக்கொண்டது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கும் என்று டாக்டர் சொன்னதற்கு, "பஸ்ல ஏறறவங்க என் பல்லையா பார்க்கப் போறாங்க?" என்றாள்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கும் டாக்டர்தான் நடுவர். வேறு இரண்டு அணிகள். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் ஒரு பெண் கோட்டை நோக்கி ஓடிவந்தாள். எதிரே ஆளே இல்லை. முன்பக்கமாகப் பாய்ந்து, புல்லில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அழுத்தினாள். தப்பே சொல்ல முடியாத பாய்ச்சல். அணி முழுவதும் குதித்தது. டாக்டருக்கோ விசிலை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழவில்லை. தரையில் குப்புறக் கிடந்தவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் எழுந்து, மண்ணைத் துப்பி, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள்.

"மேடம்," என்றாள் அணித்தலைவி பக்கத்தில் வந்து, "டிரைதான மேடம்?"

"டிரைதான்," என்று சொல்லிவிட்டு டாக்டர் விசிலை ஊதினாள்.